எண்ணெயில் ஊறிய காகிதக் காப்பின் மூப்பு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சேலத்தைச் சுற்றியுள்ள துணைமின் நிலையங்களிலும், மேட்டூர், மேச்சேரி, சங்ககிரி வட்டார ஆலைகளின் மின்கூடங்களிலும், சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டுப் பகுதியிலும் மின்மாற்றிப் பராமரிப்பைப் பொறுப்பேற்றிருப்பவர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. மின்மாற்றியில் எண்ணெயை வடிகட்டலாம். தேவையானால் முழுவதுமாக மாற்றிவிடலாம். ஆனால் சுருள்களின் தாமிரக் கம்பியைச் சுற்றியிருக்கும் காகிதத்தைச் சுருளையே பிரிக்காமல் மாற்ற வழியில்லை. எனவே மின்மாற்றியின் ஆயுள் என்று நாம் சொல்வது நடைமுறையில் அந்தக் காகிதத்தின் ஆயுளே. அப்படியிருந்தும் நாம் ஆண்டுதோறும் கையெழுத்திடும் அறிக்கைகளில் பெரும்பாலானவை எண்ணெயைப் பற்றியே பேசுகின்றன என்பது எனக்கு நெடுநாளாக உள்ள கவலை.

அறிகுறிகளுக்குள் செல்லுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கிராஃப்ட் காகிதம் என்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி. ஒரு சங்கிலியில் சராசரியாக எத்தனை கண்ணிகள் உள்ளன என்பதைக் காட்டும் டி.பி. மதிப்பு, புதிய காகிதத்தில் 1000 முதல் 1200 வரை இருக்கும். வெப்பம், நீர், அமிலம், ஆக்ஸிஜன் ஆகியவை சேர்ந்து இச்சங்கிலியை வெட்டிக்கொண்டே வருகின்றன. மதிப்பு 200 அளவுக்கு இறங்கும்போது காகிதம் இழுவிசையை ஏறக்குறைய முழுதும் இழந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. அந்த நிலையிலும், அசையாமல் எண்ணெயில் ஊறிக் கிடக்கும் வரை, அது மின்னழுத்தத்தைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கும். மின்காப்புத் தடையை அளக்கும் மெகர் அளவீடும் நன்றாகவே வரக்கூடும். ஆகவே மெகர் நன்றாக இருக்கிறது என்பதைக் காகிதத்தின் வலிமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அறிகுறி: சிலிகா ஜெல் அடிக்கடி நிறம் மாறுகிறது

மின்மாற்றி மூச்சுவிடும் குடுவையான பிரீத்தரில், உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதற்காக வைக்கப்படுவது சிலிகா ஜெல். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் பனிமூட்டம் நாள்முழுதும் கலையாத காலங்களில், கீழே சேலத்தில் பல மாதம் தாங்கும் சிலிகா ஜெல் அங்கே வெகு சீக்கிரம் நிறம் மாறிவிடுவது இயல்பு. அதை உடனே பழுது என்று முடிவு செய்யாமல், நிறம் எந்தப் பக்கத்திலிருந்து மாறுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். காற்று கீழே உள்ள எண்ணெய்க் கிண்ணம் வழியாக நுழைவதால், நீல ஜெல் அடியிலிருந்து மேல்நோக்கி இளஞ்சிவப்பாக மாறுவதே முறை. ஆரஞ்சு வகையானால் அதே வரிசையில் பச்சையாகும். மேலடுக்கு முதலில் மாறி, அடிப்பகுதி புதிதுபோல் இருந்தால், ஈரக்காற்று கிண்ணத்தைத் தவிர்த்து வேறு வழியில் நுழைகிறது என்று பொருள். பிரீத்தருக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள கேஸ்கெட், கண்ணாடிக் குடுவையின் விரிசல், எண்ணெய் விரிந்து சுருங்க இடம்தரும் மேல்தொட்டியான கன்சர்வேட்டரின் மேல்மூடி ஆகியவற்றை அந்த வரிசையில் சோதிக்க வேண்டும்.

பாரம் கூடிக் குறையும் நேரத்தில் எண்ணெய்க் கிண்ணத்தின் அருகே சற்று நின்று பார்ப்பது பயனுள்ளது. காற்றுக் குமிழிகள் வந்துகொண்டிருந்தால் மின்மாற்றி சரியான வழியில் மூச்சு விடுகிறது. பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை நன்றாக மாறியும் ஒரு குமிழிகூட வரவில்லையென்றால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது போக்குவரத்துக்காகப் பிரீத்தரில் வைத்த அடைப்பு இன்னும் நீக்கப்படாமல் இருக்கிறது. ஜெல்லை 110 முதல் 130 டிகிரி வரையிலான வெப்பத்தில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். கன்சர்வேட்டருக்குள் ரப்பர்ப் பை உள்ள மின்மாற்றியில் பிரீத்தர்க் குழாயில் எண்ணெய் தென்பட்டால், பை கிழிந்திருக்கிறது என்று கருதி உடனே மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

அறிகுறி: வடிகட்டிய பிறகும் பி.டி.வி. (எண்ணெய் முறியும் மின்னழுத்தம்) மீண்டும் இறங்குகிறது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பணமும் உழைப்பும் அதிகமாக வீணாவது இங்கேதான். 110 கிலோவோல்ட் மின்மாற்றி ஒன்றில் பி.டி.வி. 40 கிலோவோல்ட்டுக்குக் கீழே வந்துவிடுகிறது, எண்ணெய்ப் பராமரிப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1866 அட்டவணைப்படி அது மோசமான நிலை. ஃபில்டர் மெஷினை வரவழைத்து எண்ணெயைச் சூடாக்கி வெற்றிடத்தில் சுழற்றுகிறார்கள். பி.டி.வி. 70 கிலோவோல்ட்டுக்கு மேல் வருகிறது, எல்லோரும் நிம்மதியடைகிறார்கள். சில மாதங்களில், குறிப்பாகப் பங்குனி, சித்திரை வெயிலில் பாரம் ஏறியதும், மதிப்பு மீண்டும் சரிகிறது. எண்ணெய் மீதும் மெஷின் மீதும் பழி விழுகிறது. உண்மையில் இரண்டிலும் குறை இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு மின்மாற்றியில் 20 டன் எண்ணெயும், காகிதமும் அழுத்திய அட்டையான பிரஸ்போர்டுமாக 2 டன் செல்லுலோஸும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணெயில் நீர் 30 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 30 பங்கு) என்றால் மொத்தம் 600 கிராம் நீர். காகிதத்தில் ஈரம் 3 சதவீதம் என்றால் 60 கிலோ நீர். எண்ணெயை 5 பி.பி.எம். வரை உலர்த்தினால் நாம் வெளியேற்றியது அரை கிலோ மட்டுமே. காகிதத்தை 1.5 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் 30 கிலோ நீர் வெளியேற வேண்டும். எண்ணெய் உலர்ந்தவுடன் காகிதம் தன்னிடமுள்ள நீரை மெல்ல எண்ணெய்க்குக் கொடுத்துச் சமநிலைக்கு வருகிறது. தடித்த பிரஸ்போர்டிலிருந்து நீர் வெளியே வர வாரங்களும் மாதங்களும் ஆகின்றன. பி.டி.வி. திரும்ப இறங்குவது காகிதம் ஈரமாக இருக்கிறது என்பதற்கு நமக்குக் கிடைத்த நேரடிச் செய்தியாகும்.

எனவே அடுத்த முறை மெஷினை அழைக்குமுன் காகிதத்தின் ஈரத்தை மதிப்பிட வேண்டும். அதற்கு எண்ணெய் மாதிரியை எடுக்கும் விதமே பாதி வேலை. அடி வால்வின் வாயை நன்கு துடைத்து, குழாயில் தேங்கியிருந்த எண்ணெயை வடித்துவிட்டு, கண்ணாடி ஊசிக்குழலை அதே எண்ணெயால் கழுவிய பிறகே மாதிரியை இழுக்க வேண்டும். உலக்கை எண்ணெயின் சொந்த அழுத்தத்திலேயே பின்னால் நகர வேண்டும், கையால் இழுத்தால் குமிழி உண்டாகும். குழலில் கடுகளவு குமிழி தெரிந்தாலும் அதைக் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். மழையிலோ மூடுபனியிலோ மாதிரி எடுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மாதிரி எடுத்தபோது எண்ணெயின் வெப்பநிலை என்ன என்பதைச் சீட்டில் எழுத வேண்டும். வெப்பநிலை எழுதப்படாத நீர் அளவு ஏறக்குறையப் பயனற்றது.

ஏனென்றால் தாது எண்ணெய் 20 டிகிரியில் சுமார் 55 பி.பி.எம். நீரைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். 60 டிகிரியில் 200 பி.பி.எம்.க்கு மேல் கரைக்கும். ஆகவே 60 டிகிரியில் அளந்த 20 பி.பி.எம். என்பது எண்ணெயின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சமநிலை வரைபடங்களின்படி அது காகிதத்தில் தோராயமாக 2 சதவீத ஈரத்தைக் குறிக்கும். அதே 20 பி.பி.எம். 30 டிகிரியில் நிலையாக இருந்தால் காகிதத்தின் ஈரம் அதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. மார்கழிக் காலையில் ஏற்காட்டில் எடுத்த மாதிரியும் சித்திரை மதியத்தில் சேலத்தில் எடுத்த மாதிரியும் ஒரே எண்ணைக் காட்டினால் இரண்டு மின்மாற்றிகளும் ஒரே நிலையில் இருப்பதாக யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. சில நாட்களாகப் பாரம் சீராக இருந்த மின்மாற்றியில் எடுத்த மாதிரிதான் சமநிலை வரைபடத்துக்குத் தகுந்தது. மின்மாற்றியை நிறுத்த முடியுமானால், அலைவெண் மாற்றி மின்காப்பின் இழப்பைக் காட்டும் டேன் டெல்டாவை அளக்கும் சோதனை காகிதத்தின் ஈரத்தை நேரடியாகவே சொல்லும். முக்கியமான மின்மாற்றிகளுக்கு அதையே நான் விரும்புகிறேன்.

ஈரம் 2 சதவீதத்தை ஒட்டியிருந்தால், எண்ணெயின் சிறு பகுதியை எந்நேரமும் மூலக்கூறு சல்லடை உருளைகள் வழியே சுழற்றும் நிலையான உலர்த்தி போதுமானது. மின்மாற்றியை நிறுத்தத் தேவையில்லை. பாரம் ஏறிச் சூடாக இருக்கும் மாதங்களில்தான் அது அதிக நீரை இழுக்கும். பலன் தெரிய மாதங்கள் ஆகும் என்பதை மேலதிகாரிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஈரம் 3 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் மின்மாற்றியை நிறுத்தி, சூடான எண்ணெய்ச் சுழற்சியும் வெற்றிடமும் மாறி மாறித் தர வேண்டும்; பெரிய மின்மாற்றிகளில் 1 ஹெர்ட்ஸுக்கும் குறைந்த அலைவெண் மின்னோட்டத்தால் சுருளையே உள்ளிருந்து சூடாக்கி, எண்ணெயை இறக்கிவிட்டு வெற்றிடம் தரும் முறை வேகமானது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மிகவும் மூப்படைந்த காகிதத்தை வேகமாக உலர்த்தினால் அது சுருங்கும். சுருங்கினால் சுருள்களை அழுத்திப் பிடித்திருக்கும் பிடிப்பு தளரும். உலர்த்திய பின் பிடிப்பை மீண்டும் இறுக்க வாய்ப்பில்லாத இடத்தில், வெளியே நடக்கும் ஷார்ட் சர்க்யூட்டைத் தாங்கும் திறன் முன்பைவிடக் குறைந்துவிடக்கூடும். அத்தகைய மின்மாற்றிக்கு மெதுவான உலர்த்தலே நல்லது.

டேங்கைத் திறக்க வேண்டிய வேலை எதையும் மலைமேல் பனிக்காலத்தில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது சாலச் சிறந்தது. தவிர்க்க முடியாதபோது, பனிநிலை மைனஸ் 40 டிகிரிக்குக் கீழே உள்ள உலர் காற்றைத் தொடர்ந்து உள்ளே செலுத்திக்கொண்டே திறக்க வேண்டும்; உள்பாகம் வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்க வேண்டும்.

அறிகுறி: எண்ணெய் கறுத்து, அமில எண் ஏறுகிறது

110 கிலோவோல்ட் பிரிவில் அமில எண் கிராமுக்கு 0.1 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத் தாண்டும்போதே கவனம் தேவை, 0.2 தாண்டினால் மோசம். எண்ணெயிலும் காகிதத்திலும் உண்டாகும் அமிலங்களில் ஃபார்மிக், அசிட்டிக் போன்ற சிறிய அமிலங்கள் நீரைப் போலவே காகிதத்தைத் தேடிச் சென்று தங்குகின்றன. அங்கே நீருடன் சேர்ந்து செல்லுலோஸ் சங்கிலியை வெட்டுவதை விரைவுபடுத்துகின்றன. காகிதம் வெட்டுப்படும்போது மேலும் நீரும் அமிலமும் பிறக்கின்றன. இந்தச் சுழல் ஒருமுறை வேகம் பிடித்துவிட்டால் தானாக நிற்காது. சாதாரண வடிகட்டல் நீரையும் தூசியையும் எடுக்குமேயன்றி அமிலத்தை எடுக்காது. எண்ணெயை ஃபுல்லர்ஸ் எர்த் களிமண் வழியே செலுத்திச் சீரமைக்க வேண்டும். முடிவில் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான டி.பி.பி.சி.யை 0.3 சதவீதம் வரை சேர்க்க வேண்டும். சூடான எண்ணெயைப் பலமுறை சுழற்றினால் காகிதத்தின் மீது படிந்த கசடும் ஓரளவு கரைந்து வரும். கசடு படிந்த பிறகு செய்வதைவிட அமில எண் 0.15 அளவில் இருக்கும்போதே செய்துவிடுவது மிகச் சிக்கனமானது என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: டி.ஜி.ஏ. (எண்ணெயில் கரைந்த வாயுக்களின் பகுப்பாய்வு) அறிக்கையில் கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு உயர்கிறது

இவ்விரு வாயுக்களும் காகிதம் சிதைவதால் வருபவை. ஆனால் எண்ணெயின் ஆக்ஸிஜனேற்றத்தாலும் வரக்கூடியவை. கார்பன் டைஆக்சைடை மோனாக்சைடால் வகுத்து வரும் விகிதம் பொதுவாக 3க்கும் 10க்கும் இடையில் இருக்கும். மோனாக்சைடு விரைவாக ஏறி, விகிதம் 3க்குக் கீழே இறங்கி, கூடவே எத்திலீன் அல்லது அசிட்டிலீனும் தோன்றினால், காகிதம் எங்கோ கருகுகிறது என்று எண்ணி ஐ.எஸ். 10593 விதிகளின்படி மற்ற வாயுக்களையும் ஆராய வேண்டும். விகிதம் 10ஐத் தாண்டினால் மிதமான சூட்டில் நீண்டகாலமாக நடக்கும் மூப்பைச் சந்தேகிக்கலாம். காற்றுத் தொடர்பற்ற, மூடிய மின்மாற்றிகளில் பழுது எதுவும் இல்லாமலேயே விகிதம் குறைவாக இருப்பதுண்டு. எனவே இந்த ஒற்றை எண்ணை நம்பி மின்மாற்றியை நிறுத்தக் கூடாது.

உறுதிப்படுத்த ஃபியூரான் சோதனை செய்ய வேண்டும். செல்லுலோஸ் உடையும்போது உண்டாகும் ஃபியூரான் வகைச் சேர்மமான 2-ஃபர்ஃபியூரல் எண்ணெயில் கரைகிறது. பரவலாகப் பயன்படும் செண்டாங் சூத்திரப்படி, சாதாரண கிராஃப்ட் காகிதத்தில் 0.26 பி.பி.எம். இருந்தால் டி.பி. சுமார் 600; 1.3 பி.பி.எம். என்றால் 400, 6.5 பி.பி.எம். என்றால் 200. இது சராசரி, மிகச் சூடான இடத்தின் காகிதம் இதைவிட மோசமாகவே இருக்கும். வெப்பம் தாங்க அமைன் சேர்மங்கள் ஊட்டப்பட்ட காகிதத்தில் ஃபியூரான் மிகக் குறைவாகவே உண்டாவதால், அங்கே குறைந்த எண்ணைக் கண்டு ஆறுதல் கொள்ளக் கூடாது.

ஃபுல்லர்ஸ் எர்த் சீரமைப்பு ஃபியூரானையும் துடைத்து எடுத்துவிடும். ஆகவே சீரமைப்புக்கு முன்பே ஒரு மாதிரியை எடுத்து முடிவைப் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். எண்ணெய் மாற்றிய தேதியோ சீரமைத்த தேதியோ எழுதப்படாத பதிவேட்டில் உள்ள குறைந்த ஃபியூரான் எண்களைப் பார்த்து, முதிர்ந்த மின்மாற்றியை இளையது என்று எண்ணிப் பாரத்தைக் கூட்டிவிடும் அபாயம் மெய்யானது.

அறிகுறி: பாரம் மாறாமலே சுருள் வெப்பநிலை ஏறுகிறது

சாதாரண கிராஃப்ட் காகிதத்துக்கு மிகச் சூடான இடத்தின் வெப்பநிலை 98 டிகிரி என்பது கணக்கின் அடிப்படை. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் மூப்பின் வேகம் இரட்டிப்பாகிறது. ஊட்டப்பட்ட காகிதத்துக்கு அந்த அடிப்படை 110 டிகிரி. சேலத்தில் கோடைப் பகல் 40 டிகிரியை எட்டுவதால், குளிர்விப்பில் ஏற்படும் சிறு தடையும் இங்கே காகிதத்தின் ஆயுளில் பெரிதாக எதிரொலிக்கும்.

முதலில் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும். நூற்பாலைகளில் பஞ்சும், சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புத் தூளும், மாக்னசைட் எனும் வெள்ளைக்கல் சுரங்கங்களை ஒட்டிய பகுதிகளில் வெண்தூசியும் தகடுகளுக்கிடையே கம்பளிபோல் அடைந்துகொள்கின்றன. பிறகு ஒவ்வொரு ரேடியேட்டரின் மேலும் கீழும் கையால் தொட்டு அல்லது வெப்பப்படக் கருவியால் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் முழுதும் குளிர்ந்திருந்தால் அதன் வால்வு மூடியிருக்கிறது. விசிறி சுழல்வது போதாது, சரியான திசையில் சுழல வேண்டும். மலைமேல் காற்று மெல்லியதாக இருப்பதால், 1000 மீட்டருக்கு மேல் இயற்கைக் காற்றால் குளிரும் மின்மாற்றிக்கு ஒவ்வொரு 400 மீட்டருக்கும், விசிறியுள்ளதற்கு ஒவ்வொரு 250 மீட்டருக்கும் 1 டிகிரி வீதம் வெப்ப உயர்வு வரம்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஏற்காட்டின் உயரத்துக்கு இது 1 முதல் 2 டிகிரிதான். தூண்டல் உலைகளுக்கு மின்சாரம் தரும் மின்மாற்றிகளில் ஹார்மோனிக் மின்னோட்டம் கூடுதல் சூட்டை உண்டாக்குவதால், ஆம்பியர் மாறாமலேயே சூடு ஏறியதற்கு உலையின் ஃபில்டர் கெட்டுப்போனதும் காரணமாகலாம்.

ஈரக் காகிதமுள்ள மின்மாற்றியில் அவசரத்துக்கு அதிகப் பாரம் ஏற்றுவது ஆபத்தானது. ஈரம் 2 சதவீதமாக இருக்கும்போதே சுருளின் சூடான இடம் 140 டிகிரியைத் தாண்டினால் காகிதத்திலிருந்து நீராவிக் குமிழிகள் கிளம்பலாம்; ஈரம் கூடுதலானால் அதற்கும் குறைந்த சூட்டிலேயே கிளம்பும். குமிழி மின்காப்பு அல்ல.

அறிகுறி: அமிலமும் ஈரமும் சரியாக இருந்தும் மின்காப்பு தோற்கிறது

எண்ணெயில் டைபென்சைல் டைசல்ஃபைடு இருந்தால் தாமிரத்துடன் வினைபுரிந்து காகிதத்தின் மீது தாமிர சல்ஃபைடு படியலாம். அது மின்சாரத்தைக் கடத்தும். வழக்கமான எண்ணெய்ச் சோதனைகளும் டி.ஜி.ஏ.யும் இதை முன்கூட்டிக் காட்டாது. அரிக்கும் கந்தகச் சோதனையைத் தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும். இருப்பது தெரிந்தால் டிரையசோல் வகைச் செயலிழப்பியை 100 பி.பி.எம். அளவில் சேர்ப்பது வழக்கம். ஏற்கெனவே படிந்ததை அது நீக்காது.

அறிகுறி: அருகில் ஷார்ட் சர்க்யூட் நடந்தபின், உள்ளே வாயு சேர்வதைக் கண்டு எச்சரிக்கும் புக்ஹோல்ஸ் ரிலே இயங்கியது

மூப்படைந்த காகிதம் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான். பெருமின்னோட்டம் சுருள்களை உலுக்கும். நொறுங்கும் நிலையிலுள்ள காகிதம் விரிசல் விடும். ரிலேயில் சேர்ந்த வாயுவைச் சோதனைக்கு எடுக்காமல் வெளியேற்றக் கூடாது. டி.ஜி.ஏ., சுருள் மின்தடை, அலைவெண் மறுமொழிச் சோதனை ஆகியவற்றை முடித்து, பழைய வரைபடத்துடன் ஒப்பிட்ட பிறகே மறுபடி மின்னூட்ட வேண்டும். கைத்துளையைத் திறக்க நேர்ந்தால், மேல் லீடுகளின் அருகே எளிதாக எட்டும் இடத்திலிருந்து நகத்தளவு காகிதம் எடுத்து மடித்துப் பார்க்கலாம். நல்ல காகிதம் மடிந்தபின் விரிந்து நிற்கும். தோற்றது மடிப்பிலேயே பிளந்து பொடியாகும். இது டி.பி. சோதனைக்கு ஈடாகாது, ஆனால் அனுப்ப வேண்டுமா என்பதைச் சொல்லும். எடுத்த இடத்தில் கிரேப் காகிதம் சுற்றி மூட மறக்கக் கூடாது.

மறுசுற்று (சுருளைப் புதிதாகச் சுற்றுதல்) நேரத்தில் செய்ய வேண்டியவை

டி.பி. 200ஐ நெருங்கிய காகிதத்துக்கு எந்தச் சிகிச்சையும் வலிமையைத் திருப்பித் தராது. உலர்த்தலும் சீரமைப்பும் மிச்சமுள்ள ஆயுளைக் காக்கவே. மறுசுற்று முடிவானால், வெப்பம் தாங்க ஊட்டப்பட்ட காகிதத்தைக் கேட்டு வாங்குவது, கூடுதல் செலவுக்கு மேல் பயன்தரும். இயற்கை எஸ்டர் எண்ணெயும் எண்ணிப் பார்க்கத் தக்கது. சாதாரண வெப்பநிலையில் அது 1000 பி.பி.எம்.க்கு மேல் நீரைக் கரைத்துக்கொள்வதால் காகிதத்திலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. எரிநிலையும் 300 டிகிரிக்கு மேல். ஆனால் காற்றுடன் தொடர்ந்து உறவாடினால் அது பிசுபிசுத்துத் தடிக்கும். ஆகையால் திறந்த பிரீத்தருள்ள பழைய கன்சர்வேட்டரில், அதிலும் ஏற்காட்டு ஈரத்தில், ரப்பர்ப் பை பொருத்தாமல் அதை ஊற்றக் கூடாது. பழைய தாது எண்ணெய் 7 சதவீதத்துக்கு மேல் கலந்து நின்றால் எரிநிலை நன்மை போய்விடும்.

சுருளைப் பிரிக்கும் நாளில் பட்டறையில் பொறுப்பாளர் ஒருவர் நேரில் இருக்க வேண்டும். மூன்று கட்டங்களிலும் மேல், நடு, அடி என்று காகிதத் துண்டுகளைத் தனித்தனியே எடுத்து, எண்ணெயோடு மூடிய புட்டிகளில் இட்டு, இடத்தைக் குறித்து டி.பி. சோதனைக்கு அனுப்ப வேண்டும். பிரிக்குமுன் எடுத்த கடைசி ஃபியூரான் எண்ணை அந்த முடிவுகளோடு வைத்துப் பார்த்தால், அதே வடிவமைப்பில் அதே பாரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இணை மின்மாற்றிகளின் ஃபியூரான் எண்களை எவ்வளவு நம்பலாம் என்பது அளவோடு தெரியவரும்.